பொம்மை ரயிலுக்குப் பொருந்தும் குட்டி கார் ஏன் எளிதில் கிடைப்பதில்லை? ஃப்ராங்க் ஹார்ன்பியின் கதை

மூணாறுக்கு வீக்எண்ட் ட்ரிப் போனவர் என்றால், டாப் ஸ்டேஷன் வரை போய் மேகத்தைப் படம் எடுக்காமல் திரும்பியிருக்க மாட்டீர்கள். அந்தப் பெயரில் இருக்கும் ‘ஸ்டேஷன்’ எந்த ஸ்டேஷன் என்று எப்போதாவது யோசித்தீர்களா? ரயில் ஸ்டேஷன்தான்.

1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, மாடுகளைக் கட்டி வண்டிகளை இழுத்தார்கள். 1908-ல் அதை மாற்றி, இரண்டு அடி அகலத்தில் குட்டி ரயில்பாதை போட்டு நீராவி எஞ்சினை ஓடவிட்டார்கள். மூணாறிலிருந்து தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் போகும். அங்கிருந்து ரோப்வேயில் மலையிறங்கி கொட்டகுடி, பிறகு போடி. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போனது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதை இன்றும் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்கிறார்கள். மூணாறு ரயில் திரும்ப வரவே இல்லை.

இல்லாமல் போன இந்த ரயிலை வீட்டு அலமாரி மேல் மறுபடி ஓடவிடலாம் என்று யாருக்காவது தோன்றினால், நியாயமான ஆசைதான். எஞ்சின் சின்னது, வளைவுகள் நெருக்கமானவை, மலையைத் தெர்மாகோலில் செதுக்கிவிடலாம். சிக்கல் வேறு இடத்தில் வரும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு ரோடு போடுவீர்கள். ரோட்டில் ஒரு கார் வேண்டும். பொம்மைக் கடையில் வாங்கிய காரைக் கொண்டுவந்து வைத்தால், ரயில் பெட்டியைவிட கார் பெரிதாக நிற்கும். பொருத்தமான அளவில் தேடினால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ஒரு காரின் விலை ஆயிரத்தைத் தாண்டலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் மிகப் பிரபலமான குட்டி கார்கள் பிறந்ததே பொம்மை ரயிலுக்குப் பக்கத்தில் நிற்பதற்காகத்தான். அதற்குக் காரணமான மனிதர் ஃப்ராங்க் ஹார்ன்பி.

யார் இவர்?

1863 மே 15 அன்று லிவர்பூலில் பிறந்தவர். அப்பா மளிகைச் சரக்கு வியாபாரி. 16 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் கடையில் காசாளராக உட்கார்ந்தார். எஞ்சினியரிங் படிப்பு, பட்டறைப் பயிற்சி எதுவும் கிடையாது. 1899-ல் அப்பா இறந்ததும் கடையையும் மூடினார்கள். 36 வயதில், மனைவியும் குழந்தைகளும் இருக்கும் நிலையில், இறைச்சி இறக்குமதி செய்யும் டேவிட் எலியட் என்பவரிடம் கணக்கெழுதும் வேலைக்குப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டில் மகன்களுக்குத் தகரத்தை வெட்டி கிரேன், பாலம் என்று செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகத் துண்டு வெட்டுவது பெரிய வேலை. ஒரே மாதிரிப் பட்டைகள், அவற்றில் அரை அங்குலத்துக்கு ஒரு துளை, இணைக்க நட்டும் போல்ட்டும். இப்படிச் செய்துவிட்டால் இன்று கிரேனாக இருப்பதை நாளை கழற்றிப் பாலமாக்கலாம். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது இல்லையா? ஆனால் ஹார்ன்பியின் பிற்கால வாழ்க்கை முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

காப்புரிமை எடுக்கக் கையில் பணம் இல்லை. முதலாளி எலியட்டிடம் 5 பவுண்டு கடன் வாங்கி, 1901 ஜனவரியில் விண்ணப்பித்தார். எலியட் பிறகு கூட்டாளியாகவும் ஆனார். வேலைக்கு வந்த குமாஸ்தா பொம்மை செய்கிறேன் என்று சொன்னால் எத்தனை முதலாளிகள் பணமும் கொடுத்து நேரமும் கொடுப்பார்கள்? எலியட் இல்லாவிட்டால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

1902-ல், அதாவது மூணாறில் மாடுகள் ரயில் இழுக்கத் தொடங்கிய அதே ஆண்டில், முதல் பெட்டி விற்பனைக்கு வந்தது. விலை ஏழரை ஷில்லிங். பார்க்க அழகாக இல்லை, விலையும் குறைவில்லை, கடைக்காரர்கள் தயங்கினார்கள். லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹீலி ஷா பாராட்டிக் கடிதம் கொடுத்த பிறகு கொஞ்சம் நகர்ந்தது. லாபம் என்று ஒன்றைப் பார்க்கச் சில ஆண்டுகள் ஆயின. 1907-ல் மெக்கானோ என்ற பெயரைப் பதிவு செய்தார். 1908-ல் கம்பெனி, 1914-ல் லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் பெரிய தொழிற்சாலை. நம் வீடுகளிலும் ஒரு தலைமுறைக்கு அந்தப் பெயர் தெரியும். அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேட்டுப் பாருங்கள், மெக்கானோ செட்டுக்கு ஏங்கிய கதை ஒன்று வெளியே வரும்.

ரயிலுக்கு எப்படி வந்தார்?

முதல் உலகப் போருக்கு முன் பொம்மை ரயில் சந்தை ஜெர்மன் கம்பெனிகளின் கையில் இருந்தது. போருக்குப் பிறகு பிரிட்டனில் ஜெர்மன் பொருளை வாங்க ஆள் இல்லை. அந்த இடைவெளியில் 1920-ல் ஹார்ன்பி ரயில் இறங்கியது. சாவி கொடுத்தால் ஓடும் எஞ்சின். 1925-ல் மின்சாரத்திலும் ஓடியது. அளவு ஓ கேஜ், அதாவது தண்டவாள அகலம் 32 மில்லிமீட்டர். நிஜத்தில் ஒரு அடி இருப்பதைப் பொம்மையில் 7 மில்லிமீட்டராகச் சுருக்குவது. கணக்குப் போட்டால் நிஜத்தில் ஏறத்தாழ 43-ல் ஒரு பங்கு. இந்த 43-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் தேவைப்படும்.

மெக்கானோவில் கற்ற வியாபாரப் பாடத்தை ரயிலிலும் பயன்படுத்தினார். ஒருமுறை விற்று முடிவதில்லை. ரயில் வாங்கியவர் அடுத்து ஸ்டேஷன் வாங்குவார், பிறகு சிக்னல், பிறகு பிளாட்பாரத்தில் நிற்கும் போர்ட்டர். மாடல்டு மினியேச்சர்ஸ் என்ற பெயரில் ரயில்வே ஊழியர்கள், பயணிகள், ஆடு மாடு எல்லாம் வந்தன. 1933 கடைசியில் அந்த வரிசையில் 22-ம் எண் செட் வந்தது. அதில் ஆறு வண்டிகள்: இரண்டு கார், ஒரு லாரி, ஒரு டெலிவரி வேன், ஒரு டிராக்டர், ஒரு ராணுவ டாங்க். வார்ப்பில் ஊற்றி எடுத்த சின்ன உலோக வண்டிகள். ரயிலுக்குத் துணைப்பொருள், அவ்வளவுதான்.

ஆனால் பையன்களுக்கு ரயில் இல்லாமலே கார் பிடித்துப்போனது. ரயில் செட்டுக்கு அப்பா மனது வைக்கவேண்டும். ஒரு காருக்குக் கைச்செலவுக் காசு போதும். 1934 ஏப்ரலில் அதற்கு டிங்கி டாய்ஸ் என்று தனிப்பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் டூட்ஸிடாய் இதற்கு முன்பே இத்தகைய கார்களை விற்றது. எனவே ஹார்ன்பிதான் கண்டுபிடித்தார் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் குட்டி காருக்கு ரயிலின் அளவைக் கொடுத்து, அதை ஒரு தரமாக நிலைக்க வைத்ததில் அவர் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றும் சேகரிப்பாளர்கள் வாங்கும் உலோக கார்களில் 1:43 என்று எழுதியிருக்கும். 43 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா?

இதற்குள் ஹார்ன்பி கோடீஸ்வரர். 1931-ல் லிவர்பூலின் எவர்ட்டன் தொகுதியில் கன்சர்வேடிவ் எம்.பி.யும் ஆனார். அரசியலில் சொல்லும்படி ஒன்றுமில்லை, 1935-ல் விலகிவிட்டார். இதய நோயும் நீரிழிவும் சேர்ந்து 1936 செப்டம்பர் 21 அன்று, 73 வயதில் காலமானார்.

அப்புறம் அளவு எங்கே பிசகியது?

வீடுகள் சின்னதாக ஆக ரயிலும் சின்னதானது. ஓ-வில் பாதிதான் எச்.ஓ.; 1:87. பிரிட்டனில் அதற்கு நெருங்கிய ஓஓ அளவு, 1:76. ஹார்ன்பி இறந்து இரண்டு ஆண்டு கழித்து அவர் கம்பெனியே அதற்கு மாறியது. கார்கள் வேறு வழியில் போயின. தீப்பெட்டிக்குள் அடங்க ஒரு அளவு, அட்டையில் ஒட்டித் தொங்கவிட ஒரு அளவு. ஹாட் வீல்ஸை 1:64 என்பார்கள். ஆனால் பாக்கெட்டுக்குள் அடங்குவதுதான் முதல் கவலை, அதனால் லாரியும் காரும் ஒரே நீளத்தில் இருக்கும்.

ஒரு அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். நிஜத்தில் 4.3 மீட்டர் நீளம். 1:87-ல் ஐந்து சென்டிமீட்டர். 1:76-ல் ஐந்தே முக்கால். 1:64-ல் ஆறே முக்கால். 1:43-ல் பத்து. கடையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கார் எச்.ஓ. ரயில் பக்கத்தில் ஏன் பூதம் மாதிரி நிற்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

மூணாறு ரயிலுக்கு என்ன செய்யலாம்?

இங்கேதான் அந்த இரண்டு அடிப் பாதை உங்களுக்கு உதவுகிறது. சாதாரண எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அதை 43-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 71 சென்டிமீட்டர், அதாவது இரண்டேகால் அடிக்குக் கொஞ்சம் மேல். குண்டளைப் பாதையின் அகலம் 61 சென்டிமீட்டர். அச்சு அசல் இல்லை, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஆக, எளிதாகக் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தையும் எஞ்சின் அடிப்பாகத்தையும் எடுத்து, மேல்கூட்டை மட்டும் பெரிதாகச் செய்தால், ஹார்ன்பியின் பழைய 1:43 கார்கள் அப்படியே பக்கத்தில் நிற்கும். குறுகிய பாதை ரயிலை மாடல் செய்பவர்கள் உலகமெங்கும் செய்வதுதான் இது. இடம்தான் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இடமே இல்லையென்றால் 1:87-க்கு வாருங்கள். அப்போது பொம்மைக் கடையை மறந்துவிட்டு, ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் மாடல் செய்யப் பொருள் வாங்கும் கடையில் கேளுங்கள். பிளாஸ்டிக் கார்கள் பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கும். அருகில் பார்த்தால் சுமார், மலைச்சரிவில் தூரத்தில் வைத்தால் பழுதில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போங்கள். அட்டையில் அச்சிட்ட விகிதத்தைவிட சென்டிமீட்டர் நம்பகமானது.

1960-களின் பிற்பகுதியில் டிங்கியின் தேய்ந்த அச்சுகள் சில இந்தியாவுக்கு விற்கப்பட்டு, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் கார்கள் வந்தன. பழைய பொருள் சந்தையில் இன்றும் கண்ணில் படலாம். வார்ப்பு கொஞ்சம் முரடாக இருக்கும், பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும். ஆனால் போருக்கு முந்தைய அசல் டிங்கி என்று யாராவது நீட்டினால் உஷார். அந்தக் காலத்துத் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துபோன வண்டிகள் உள்ளிருந்தே விரிசல் விட்டு உதிரும். அதை நிறுத்த வழி கிடையாது.

இன்னொன்று. 1924-க்கு முந்தைய மூணாறைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் உங்களுக்குக் கார் அதிகம் தேவைப்படாது. அந்தக் கால மலை ரோட்டில் மோட்டார் அபூர்வம், ஒன்றிரண்டு போதும். மாட்டுவண்டியும், தலையில் சுமையோடு போகும் ஆட்களும்தான் நிறைய வேண்டும். அதை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. கொலுவுக்குக் கீழே மணல் பரப்பி, பூங்கா போட்டு, ரோடும் ரயிலும் வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். அதற்கான குட்டிப் பொம்மைகள் பண்ருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் செய்கிறார்கள். நவராத்திரி முடிந்த மறுவாரம் போய்ப் பேரம் பேசிப் பாருங்கள்.