எழுத்தில்லாக் கல்: சீனப் பேரரசி வூ செத்தியன்

சீனப் பேரரசின் நீண்ட வரலாற்றில் அரியணைக்குப் பின்னிருந்து ஆண்ட பெண்டிர் பலர். ஹான் காலத்துப் பேரரசி லூவும், 1908இல் மறைந்த பேரரசி சிக்சியும் அத்தகையோரே. ஆனால் பேரரசர் என்னும் பட்டத்தையே சூடி, அரியணையில் தாமே அமர்ந்து ஆண்ட பெண்மணி ஒருவரே. அவர்தாம் வூ செத்தியன் அம்மையார்.

இவ்வம்மையாரை வைத்து வரலாற்றுப் புதினங்கள் பல எழுந்துள்ளன. லின் யூதாங் 1957இல் எழுதிய நூலில் அம்மையாரின் பேரர் ஒருவர் கதை சொல்கிறார். அங்கே நாம் காண்பது ஒரு கொடுங்கோலரை. சான் சா 2003இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய புதினத்தில் அம்மையாரே தம் கதையைக் கூறுகிறார். அங்கே நாம் காண்பது வேறொரு பெண்ணை. இவ்விரண்டில் எது மெய்? விடை காண அவருடைய வாழ்வையே நாம் நோக்குதல் வேண்டும்.

இளமையும் துறவும்

அம்மையார் கி.பி. 624இல் பிறந்தவர். தந்தையார் மர வணிகத்தால் செல்வம் சேர்த்தவர்; தாங் மரபை நிறுவிய மன்னருக்குத் தொடக்கத்திலேயே துணை நின்றமையால் உயர்பதவி பெற்றவர். தந்தை மறைந்தபின், தம் 14ஆம் அகவையில், பேரரசர் தைசோங்கின் அந்தப்புரத்தில் கீழ்நிலைத் துணைவியருள் ஒருவராக இவர் சேர்க்கப்பட்டார். கல்வியில் தேர்ந்திருந்தும், அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் உயர்வு ஏதும் இன்றிக் கழிந்தன.

649இல் தைசோங் மறைந்தார். மகப்பேறு இல்லாத துணைவியர் தலைமழித்துப் பௌத்த மடம் புகவேண்டும் என்பது அந்நாளைய வழக்கம். அவ்வாறே இவரும் மடம் புகுந்தார். பெரும்பாலோர்க்கு வாழ்வு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் புதிய பேரரசரான காவ்சோங் இவரை மீண்டும் அரண்மனைக்கு அழைத்துக்கொண்டார்.

அக்காலச் சாங்கான் நகரம் உலகின் பல திசையினரும் வந்து கூடிய தலைநகராகும். மூன்றாம் கலீபா உதுமான் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில், 651ஆம் ஆண்டில், அரபு நாட்டுத் தூதர் அங்கு வந்து சேர்ந்ததைச் சீன ஆவணங்கள் குறித்துள்ளன. பாரசீகத்தின் கடைசிச் சாசானிய மன்னரின் மகன் பெரோசும் பின்னர் அங்கேயே புகலிடம் பெற்றார். இத்தகைய விரிந்த உலகின் நடுவிலேயே அம்மையாரின் அரசியல் வாழ்வு தொடங்கியது.

அரியணையை நோக்கி

655இல் பட்டத்தரசி வாங் நீக்கப்பட்டு, வூ அம்மையார் பட்டத்தரசியானார். நீக்கப்பட்ட அரசியும் மற்றொரு துணைவியும் கொடிய முறையில் கொல்லப்பட்டனர். தம் பச்சிளம் பெண்மகவைத் தாமே கொன்று அப்பழியை வாங் அரசியின்மேல் சுமத்தினார் என்ற குற்றச்சாட்டும் உண்டு. ஆயினும் இதனை விரித்துரைக்கும் வரலாற்று நூல்கள் 11ஆம் நூற்றாண்டில், நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டவை என்பதை நாம் மறத்தலாகாது.

660 முதல் காவ்சோங் கடும் தலைநோவாலும் பார்வைக் குறைவாலும் துன்புற்றார். ஆட்சிப்பணி மெல்ல மெல்ல அம்மையார் கைக்கு வந்தது. அரசவையில் மன்னருக்குப் பின்னே திரைமறைவில் அமர்ந்து அவர் ஆணைகளை வழங்கினார். 674இல் பன்னிரண்டு திட்டங்களை மன்னர்முன் வைத்தார். உழவையும் பட்டு வளர்ப்பையும் பேணல், வரியைக் குறைத்தல், போரைத் தவிர்த்தல் ஆகியன அவற்றுட் சில. அவற்றுள் ஒன்று நம் நெஞ்சைத் தொடுவது. தந்தை உயிருடன் இருக்கும்போது தாய் இறந்தால், மக்கள் ஓராண்டே துயர் காப்பது அதுவரை இருந்த முறை, தந்தைக்கோ மூன்றாண்டு. தாய்க்கும் மூன்றாண்டே உரியது என்றார் அம்மையார்.

தாயின் உரிமைக்காக வாதாடிய அவரே தம் மக்களிடம் இரக்கமின்றி நடந்தார் என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. இரண்டாம் மகன் லி சியன் பட்டத்திலிருந்து நீக்கப்பட்டு, 684இல் தற்கொலைக்குத் தள்ளப்பட்டார். காவ்சோங் மறைந்தபின் அரசரான மூன்றாம் மகனை இரண்டு மாதங்களுக்குள் அம்மையார் நீக்கினார். அடுத்து வந்த நான்காம் மகன் பெயரளவிலேயே மன்னராக இருந்தார். 690இல், தம் 67ஆம் அகவையில், சோவ் என்னும் புதிய மரபைத் தோற்றுவித்து, லோயாங் நகரில் அம்மையார் பேரரசராக முடிசூடினார்.

ஆட்சியின் இருமுகம்

686இல் அரண்மனையில் செப்புப் பெட்டி ஒன்று வைக்கப்பட்டது. அதற்கு நான்கு வாய்கள். குறையுற்றோர் முறையிடவும், ஆட்சியின் பிழையை எடுத்துரைக்கவும் அதில் வழியிருந்தது. மக்கள் குரலைக் கேட்க எழுந்த அப்பெட்டியே பொய்க்குற்றம் சாட்டுவோருக்கும் கருவியாயிற்று. சோவ் சிங், லாய் சுன்சென் போன்ற கொடிய அலுவலர் சித்திரவதையால் ஒப்புதல் பெற்றுப் பல குடும்பங்களை அழித்தனர்.

நேர்மைக்குப் பெயர்பெற்ற அமைச்சர் தி ரென்சியேயும் 692இல் அவ்வலையில் சிக்கினார். சித்திரவதைக்கு ஆளாகி மடிவதைவிடக் குற்றத்தை ஒப்பியதாகக் காட்டிக்கொள்வதே நன்றென அவர் துணிந்தார். பின்னர்த் துணியில் முறையீடு எழுதி, பஞ்சாடைக்குள் மறைத்துத் தம் மகனுக்கு அனுப்பினார். அது அம்மையார் கைக்கு எட்டியது. நேரில் அழைத்து உசாவிய அம்மையார் அவர் உயிரைக் காத்தார். சில ஆண்டுகளுக்குப் பின் அவரையே மீண்டும் அமைச்சராக்கினார். 697இல் லாய் சுன்சென் கொலைத்தண்டனை பெற்றான். ஆயினும் அவனை வளர்த்த கையும் அம்மையாரின் கையே அன்றோ!

மறுபக்கத்தையும் நாம் காண்போம். பழங்குடிப் பெருமை பேசிய உயர்குலத்தாரின் பிடியைத் தளர்த்தித் தேர்வின் வழியே திறமையாளரை அவர் தேர்ந்தெடுத்தார். 690இல் தேர்வர்களை அரண்மனையில் தாமே தேர்வு செய்தார். 702இல் படைத்துறைக்கும் தேர்வு ஏற்படுத்தினார். தம்மால் கொல்லப்பட்ட அமைச்சர் ஒருவரின் பேத்தி, சாங்குவான் வானெர், அரண்மனையில் அடிமையாக வளர்ந்தவர். அவருடைய புலமையைக் கண்டு தம் செயலாளராக்கிக்கொண்டார். தம்மைப் பழித்துக் கிளர்ச்சியாளருக்காக லோ பின்வாங் என்னும் புலவர் தீட்டிய அறிக்கையைப் படித்தபோது, இத்தகைய அறிஞரைப் பயன்கொள்ளாதது அமைச்சர்களின் குற்றம் என்று அவர் வருந்தியதாகவும் கூறுவர்.

652இல் ஏறத்தாழ 38 இலட்சமாக இருந்த பதிவுபெற்ற குடும்பங்கள், 705இல் 61 இலட்சத்தைத் தாண்டின. ஆட்சி முழுவதும் அழிவே என்றால் இவ்வளர்ச்சி நிகழ்ந்திராது.

தென்னிந்தியாவிலிருந்து சென்ற பௌத்தத் துறவி போதிருசி 693 முதல் லோயாங்கில் மொழிபெயர்ப்புப் பணி புரிந்தார். அவருக்கு அப்பெயரைச் சூட்டியவரே அம்மையார்தாம். ஆண் அரசரையே அறிந்த கன்பூசிய மரபில் தமக்கு இடமில்லாமையால், அவர் பௌத்தத்தின் துணையை மிகுதியாக நாடினார் எனலாம்.

இறுதியும் கல்லும்

அரியணை தம் மக்களுக்கா, தம் பிறந்தகத்து மருமக்களுக்கா என்ற கேள்வி முதுமையில் எழுந்தது. மகன் தாய்க்கு வழிபாடு செய்வான்; மருமகன் அத்தைக்கு வழிபாடு செய்ததாகக் கேட்டதில்லை என்று தி ரென்சியே எடுத்துரைத்தார். 698இல் மூன்றாம் மகன் திரும்ப அழைக்கப்பட்டு இளவரசரானார். 705இன் தொடக்கத்தில் அமைச்சர் சிலர் படையுடன் அரண்மனை புகுந்து, நோயுற்றிருந்த அம்மையாரைப் பதவி துறக்கச் செய்தனர். அவ்வாண்டின் இறுதியில், தம் 82ஆம் அகவையில் அவர் மறைந்தார். பேரரசர் பட்டத்தை நீக்கித் தம்மைப் பேரரசி என்றே வழங்குமாறும், கணவரின் அருகே அடக்கம் செய்யுமாறும் அவர் இறுதி விருப்பம் தெரிவித்தார்.

சாங்கானுக்கு வடமேற்கே உள்ள அக்கல்லறையின் முன் இரு பெருங்கற்கள் நிற்கின்றன. ஒன்று காவ்சோங்குக்கு உரியது. அவர் புகழை அம்மையாரே எழுதிப் பொறிக்கச் செய்தார். மற்றொன்று, ஏழு மீட்டருக்கு மேல் உயர்ந்தது, அம்மையாருக்கு உரியது. அதில் ஒரு சொல்லும் பொறிக்கப்படவில்லை. இன்று அதில் காணப்படும் எழுத்துகள் பிற்காலத்தார் வெட்டியவை.

தம் செயல் சொல்லில் அடங்காது என்னும் பெருமிதமோ, தீர்ப்பைப் பின்னோர்க்கே விட்ட பணிவோ, புகழ்ந்தெழுத எவரும் முன்வராமையோ காரணம் எனப் பலவாறு கூறுவர். அவ்வெற்றிடத்தைப் பகைவரும் புதின ஆசிரியரும் தத்தம் மனம்போல் நிரப்பினர். ஆண் மன்னர் செய்தால் அரசியல் என்று எழுதப்பட்ட கொடுமை, பெண் செய்தபோது பெண்மையின் இழிவு என்று எழுதப்பட்டது. தைசோங்கும் தம் உடன்பிறந்தார் இருவரைக் கொன்றே அரியணை ஏறினார். அவரை வரலாறு பேரரசர்களுள் தலைசிறந்தவர் என்று போற்றுகிறது. இதனால் அம்மையாரின் குற்றம் குறைந்துவிடாது. அளவுகோல் இருவர்க்கும் ஒன்றாதல் வேண்டும் என்பதே நம் கருத்து.

வெறுப்புக் கொண்டோரிடத்தும் நீதி வழுவாது சான்று பகர வேண்டும் என்பது திருமறை கற்பிக்கும் நெறி. வரலாறு பயில்வோர்க்கும், புதினம் புனைவோர்க்கும் அந்நெறி பொருந்தும். கொல்லப்பட்டோரின் பெயரும், தேர்வால் உயர்ந்தோரின் பெயரும் ஒருங்கே இடம்பெறும் போதுதான் அக்கல்லுக்குரிய எழுத்து முழுமையாகும்.