பள்ளியைத் தவமாக்கிய வித்யாசாகர்

1871-ஆம் ஆண்டு கல்கத்தாவில் மெட்ரோபாலிட்டன் பள்ளியில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சேர்க்கப்பட்டான். நரேந்திரநாத் தத்தர் என்பது அவனது பெயர். பின்னாளில் உலகம் அவனைச் சுவாமி விவேகானந்தராக அறிந்தது. அந்தப் பள்ளியைத் தமது உதிரத்தால் வளர்த்தவர் பண்டித ஈசுவர சந்திர வித்யாசாகர். விதவை மறுமணத்திற்காகப் போராடிய சீர்திருத்தவாதியாகவும், ஏழைகளுக்கு வாரி வழங்கிய வள்ளலாகவும் அவரை நாம் அறிவோம். ஆயினும் அவரது வாழ்வின் நடுநாயகமாக விளங்கியது கல்விப் பணியே.

ஏழ்மையில் மலர்ந்த கல்வி

1820 செப்டம்பர் 26 அன்று வங்காளத்தின் வீர்சிங்கா கிராமத்தில் ஈசுவர சந்திரர் பிறந்தார். தந்தை தாகுர்தாஸ், தாயார் பகவதி தேவி. எட்டு வயதில் தந்தையுடன் கல்கத்தாவுக்குக் கால்நடையாகவே புறப்பட்டார். வழியோரம் நடப்பட்டிருந்த மைல்கற்களைக் கண்ட சிறுவன் அவற்றை அம்மிக்கற்கள் என்று எண்ணி, ஏன் இங்கே கிடக்கின்றன என்று வியந்தான். தந்தை விளக்கியதும், அடுத்தடுத்த கற்களைப் பார்த்தே ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டான். பயணம் முடிவதற்குள் எண்களும் வசமாயின.

1829-இல் சம்ஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்த அவர் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே பயின்றார். வீட்டில் தந்தைக்கும் தம்பியருக்கும் சமைத்துப் பரிமாறிவிட்டுப் பாடங்களைப் படித்தார். இலக்கணம், காவியம், அலங்காரம், வேதாந்தம், நியாயம், தர்ம சாஸ்திரம் என அனைத்திலும் தேர்ந்து, வித்யாசாகர் என்னும் பட்டத்தைப் பெற்றார். 1841-இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் தலைமைப் பண்டிதரானார். மாதச் சம்பளம் 50 ரூபாய். வேலை கிடைத்ததும் அவர் செய்த முதற்காரியங்களுள் ஒன்று, உழைத்து ஓய்ந்த தந்தையை வேலையிலிருந்து விடுவித்துக் கிராமத்திற்கு அனுப்பியதாகும்.

கதவுகளைத் திறந்தவர்

1851 ஜனவரியில், தாம் பயின்ற சம்ஸ்கிருதக் கல்லூரிக்கே அவர் முதல்வரானார். அக்காலத்தில் அக்கல்லூரியில் ஆரம்ப வகுப்பு முதல் உயர் சாஸ்திர வகுப்பு வரை எல்லாம் ஒரே கூரையின்கீழ் நடைபெற்றன. சிறுவர்கள் முக்தபோதம் என்னும் இலக்கண நூலைப் பொருள் விளங்காமலே மனப்பாடம் செய்து ஆண்டுகளைக் கழித்தனர். சம்ஸ்கிருதத்தைக் கற்கும் முன்பே சம்ஸ்கிருதத்தில் எழுதப்பட்ட இலக்கணத்தைக் கற்க வேண்டியிருந்தது. இந்தத் துன்பத்தைத் தாமே அனுபவித்தவர் வித்யாசாகர். ஆதலால் சம்ஸ்கிருத இலக்கணத்தை எளிய வங்க மொழியில் விளக்கும் உபக்ரமணிகா என்ற நூலை 1851-இல் இயற்றினார். தொடர்ந்து வியாகரண கௌமுதியும் வெளிவந்தது.

அதுவரை பிராமணர்களுக்கும் வைத்தியர் குலத்தினருக்கும் மட்டுமே அக்கல்லூரியில் இடமிருந்தது. 1851-இல் காயஸ்தர்களுக்கும், 1854-இல் பிற இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அதன் கதவுகள் திறந்தன. பண்டிதர்கள் பலர் எதிர்த்தனர், வித்யாசாகர் அசையவில்லை. பிரதமை, அஷ்டமி நாட்களில் விடப்பட்ட விடுமுறையும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது.

வேதாந்தமும் வித்யாசாகரும்

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1853-இல் காசி சம்ஸ்கிருதக் கல்லூரி முதல்வர் பாலன்டைன் கல்கத்தாக் கல்லூரியைப் பார்வையிட்டு, பாடத்திட்டம் குறித்துச் சில யோசனைகளை அரசுக்கு அளித்தார். வேதாந்தத்தோடு ஒத்துப்போவதாகக் கருதப்பட்ட பெர்க்லியின் நூலைப் பாடமாக்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. வித்யாசாகர் அதை மறுத்தார். சாங்கியமும் வேதாந்தமும் பிழையான தத்துவங்கள் என்றே அவர் கருதினார். சம்ஸ்கிருதக் கல்வியில் அவற்றை விலக்க இயலாது. ஆனால் மாணவர்களின் அறிவு சமநிலை பெற மில் எழுதிய தர்க்க நூல் போன்றவற்றை முழுமையாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்று எழுதினார்.

வேதாந்தத்தை உயிராகப் போற்றும் நமக்கு இக்கருத்து உடன்பாடானதன்று. எனினும், தாம் ஏற்காத தத்துவத்தையும் மாணவர்களிடமிருந்து மறைக்காமல் கற்பித்து, சிந்திக்கும் ஆற்றலை அவர்களுக்கே வளர்க்க முனைந்த நேர்மை நம் வணக்கத்திற்குரியது.

அரசுப் பணியைத் துறத்தல்

1855-இல் பள்ளிகளின் ஆய்வாளர் பொறுப்பும் அவரிடம் வந்தது. நான்கு மாவட்டங்களில் 20 மாதிரிப் பள்ளிகளை நிறுவினார். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கச் சம்ஸ்கிருதக் கல்லூரியின் மேற்பார்வையில் ஒரு பயிற்சிப் பள்ளியும் 1855 ஜூலையில் தோன்றியது. அட்சய குமார் தத்தர் அதன் தலைமையாசிரியர். வங்கக் குழந்தைகள் இன்றும் எழுத்தறியும் வர்ணபரிசயம் அதே ஆண்டில் வெளிவந்தது. 1857 நவம்பர் முதல் 1858 மே வரையிலான சில மாதங்களில் 35 பெண்கள் பள்ளிகளைத் திறந்தார். அரசு அவற்றிற்கு நிதியளிக்கத் தயங்கியது. மேலதிகாரிகளுடன் கருத்து வேறுபாடு முற்றவே, 1858-இல் மாதம் 500 ரூபாய் ஊதியம் தந்த பதவியை உதறிவிட்டு வெளியேறினார்.

நம்மவரால் நடத்தப்பட்ட கல்லூரி

நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் குறைந்த செலவில் ஆங்கிலக் கல்வி பெறும்பொருட்டு 1859-இல் கல்கத்தாப் பெரியவர்கள் சிலர் ஒரு பள்ளியைத் தொடங்கியிருந்தனர். அதன் நிர்வாகம் வித்யாசாகரிடம் வந்தது. 1864-இல் அது இந்து மெட்ரோபாலிட்டன் இன்ஸ்டிடியூஷன் என்று பெயர் பெற்றது. 1872-இல் கல்லூரி வகுப்பு நடத்தவும், 1879-இல் பி.ஏ. வகுப்பு நடத்தவும் பல்கலைக்கழகம் அனுமதி அளித்தது. ஐரோப்பியப் பேராசிரியர் ஒருவர்கூட இல்லாமல் கல்லூரி நடக்குமா என்று ஏளனம் செய்தோர் பலர். 1874-இல் வெளிவந்த தேர்வு முடிவுகள் அவர்களை வாயடைக்கச் செய்தன. கல்லூரிக்கு மாணவர்களை ஆயத்தம் செய்ய நகரின் பிற பகுதிகளிலும் கிளைப் பள்ளிகள் எழுந்தன. மாணவர்களைப் பிரம்பால் அடிப்பதை அவர் தடை செய்திருந்தார்.

இரு கடல்களின் சந்திப்பு

1882 ஆகஸ்ட் 5 அன்று பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் வித்யாசாகரைக் காண அவரது இல்லத்திற்கே சென்றார். அழைத்துச் சென்றவர் மகேந்திரநாத் குப்தர்; வித்யாசாகரின் பள்ளியில் பணிபுரிந்தவர். சொல்லால் எச்சில்படாத ஒரே பொருள் பிரம்மம் என்று குருதேவர் விளக்கியபோது, இன்று புதிதாக ஒன்றைக் கற்றதாக அந்தக் கல்விக் கடல் மகிழ்ந்தது. தட்சிணேசுவரத்திற்கு வருவதாக வித்யாசாகர் ஒப்புக்கொண்டார், ஆனால் செல்லவில்லை.

பின்னர் ஒரு சோதனை வந்தது. குருதேவர் நோயுற்றிருந்த நாட்களில் மகேந்திரநாதர் அடிக்கடி அவரிடம் சென்றார். அவர் தலைமையாசிரியராக இருந்த கிளைப் பள்ளியின் தேர்வு முடிவுகள் எதிர்பார்த்தபடி அமையவில்லை. அதற்கு இந்த வருகைகளே காரணம் என்று வித்யாசாகர் கருதினார். மனம் புண்பட்ட மகேந்திரநாதர், குடும்பப் பொறுப்பு இருந்தும், பதவியைத் துறந்தார்.

இவ்விருவருள் யார் சரி என்று தீர்ப்பளிக்க நாம் முற்பட வேண்டியதில்லை. ஒருவருக்கு மாணவர்களின் எதிர்காலமே வழிபாடு. அதில் சிறு குறையையும் அவரால் பொறுக்க இயலவில்லை. மற்றவருக்குக் குருவே அனைத்தும். அதற்கு ஊறு நேருமாயின் பிழைப்பையும் இழக்க அவர் தயங்கவில்லை. தாம் உண்மையென்று கண்டதற்கு விலை கொடுக்க இருவருமே ஆயத்தமாக இருந்தனர். சம்பளம் மிகுந்த அரசுப் பதவியை 1858-இல் உதறிய வித்யாசாகரே இதை நன்கு உணரக்கூடியவர் அல்லவா!

1891 ஜூலை 29 அன்று வித்யாசாகர் மறைந்தார். அவர் வளர்த்த கல்லூரி 1917-இல் வித்யாசாகர் கல்லூரி எனப் பெயர் மாற்றம் பெற்றது.

கடவுளைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஆனால் பசித்தவருக்கு உணவும், அறியாதவருக்குக் கல்வியும் அளிப்பதில் தம்மை முழுதுமாகக் கரைத்துக்கொண்டார். மனிதனிடம் இறைவனைக் கண்டு சேவை செய்ய வேண்டும் என்று பின்னர் சுவாமிஜி போதித்தார். அந்தச் சேவையைப் பெயர் சொல்லாமலே செய்து காட்டிய முன்னோடி வித்யாசாகர். நம் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் அந்த மாமனிதரை ஒரு கணம் நினைத்து வணங்குவது தகும்.