உலக்கைக் கொழுந்து: வாதிகேசரி அழகிய மணவாள ஜீயர் வைபவம்

மன்னார்கோயிலில் ஆனி மாதம் சுவாதித் திருநட்சத்திரத்தில் அவதரித்தவர் வரதராஜர். 13ஆம் நூற்றாண்டில், நாலாயிரம் அருளிச்செயல்களுக்கும் வியாக்கியானம் அருளிய பெரியவாச்சான் பிள்ளையின் திருவடிகளை ஆச்ரயித்து, அவருடைய திருமாளிகையில் தளிகைக் கைங்கர்யம் செய்துவந்தார். ஆசார்யனிடம் அளவிறந்த பக்தி உண்டு; எழுத்தறிவு இல்லை. கல்வி கற்றோர்க்கே உரியது, தமக்கு அமைந்தது அடுப்பங்கரையே என்றிருந்தாற்போல 32 பிராயம் கழிந்தது.

ஒரு நாள் திருமாளிகையில் வித்வான்கள் சிலர் வேதாந்த விசாரம் செய்துகொண்டிருந்தனர். எந்த நூலைப் பற்றிய விசாரம் என்று வரதராஜர் வினவினார். கல்லாத இவருக்கு இது எதற்கு என்றெண்ணிய அவர்கள், முசலகிசலயம் என்னும் நூல் என்று பரிகாசமாக விடையிறுத்தனர். முசலம் என்பது உலக்கை. கிசலயம் என்பது கொழுந்து. உலர்ந்த உலக்கையில் கொழுந்து ஏது? பரிகாசம் என்றறியாத வரதராஜர் அதை அப்படியே ஆசார்யனிடம் விண்ணப்பித்தார். அப்பெயரில் நூலே இல்லை என்றும், தமது கல்லாமையை எள்ளிய சொல் அது என்றும் அறிந்து நாணமுற்றார். ஆயினும் எவரையும் சினந்திலர். தமக்கும் கல்வி அருளவேண்டுமென்று ஆசார்யன் திருவடிகளிலே விழுந்தார்.

கருணைக் கடலான பிள்ளையும் பிராயத்தைப் பாராமல், காவிய நாடக அலங்காரங்களையும், வியாகரண தர்க்க மீமாம்ஸைகளையும், வேதாந்தத்தையும் முறையே கற்பித்தருளினார். பகலில் தளிகையும் கைவிடாமல் கற்றுத் தேர்ந்த வரதராஜர், முசலகிசலயம் என்ற பெயரிலேயே ஒரு நூல் இயற்றி, அன்று நகைத்த வித்வான்களிடம் கொடுத்தார். உலக்கை கொழுந்துவிட்டது கண்டு அவர்கள் வெட்கினர்.

பின்னர் துறவறம் ஏற்று அழகிய மணவாள ஜீயரானார். வாதியர்க்குச் சிங்கம் போன்றவராதலின் வாதிகேசரி என்னும் பெயரும் பெற்றார்.

திருவாய்மொழியின் ஐந்து வியாக்கியானங்களுள் பன்னீராயிரப்படி இவர் அருளியது. ஏனையவை பாசுரத்தின் கருத்தையும் சுவையையும் விரிக்க, இதுவோ பதம் பதமாகப் பொருள் உரைப்பது. மணவாள மாமுனிகளும் உபதேசரத்தினமாலையில் இச்சிறப்பைப் பாடியருளினார். ஒரு சொல்லின் பொருள் அறியாமல் நாணி நின்றவர், அந்நிலை பிறர்க்கு நேராவண்ணம், 1102 பாசுரங்களுக்கும் சொற்பொருள் எழுதிவைத்தார். திருவாய்மொழியை முதன்முதல் கற்கப் புகுவோர்க்கு இன்றும் கைகொடுப்பது அவ்வுரையே.

வாதிகேசரி அழகிய மணவாள ஜீயர் திருவடிகளே சரணம்.