கடல் கடந்த கணித மேதை

கல்வியின் பொருட்டு அயல்நாடு செல்வோர் இக்காலத்திற் பலராவர். வானூர்தியில் ஏறினால் ஒரு நாளுக்குள் இங்கிலாந்தை அடைந்துவிடலாம். விரும்பும் பொழுதெல்லாம் பெற்றோருடன் பேசலாம். ஒரு நூற்றாண்டிற்கு முன்னர் நிலைமை அவ்வாறன்று. ஏறத்தாழ ஒரு திங்கள் கப்பலிற் செல்ல வேண்டும். கடிதம் போய்ச் சேரவும் பல நாள் ஆகும். அந்நாளில், சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய இளைஞர் ஒருவர் கல்வியை நாடிக் கடல் கடந்தார்; உலகம் வியக்கும் புகழ் எய்தினார்; ஆயினும், உடல் நலம் இழந்து மீண்டார். அவரே கணித மேதை சீனிவாச இராமானுசன்.

இராமானுசன் 1887 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22 ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்தார்; குடந்தையில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடை ஒன்றிற் கணக்கெழுதி வந்தார். தாயார் கோமளத்தம்மாள் தெய்வ பத்தி மிக்கவர். இளமையிலேயே இராமானுசனுடைய உள்ளம் கணிதம் ஒன்றிலேயே தோய்ந்து நின்றது. அதனால் ஏனைய பாடங்களில் அவர் கருத்துச் செல்லவில்லை. குடந்தை அரசினர் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் பயின்றும் தேர்வில் வெற்றி பெற இயலவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை, வறுமையோ மிகுதி. எனினும், தாம் கண்ட கணித உண்மைகளைக் குறிப்பேடுகளில் எழுதுவதை அவர் விட்டாரல்லர்.

1912 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவருக்குச் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தர் வேலை கிடைத்தது. திங்கள் ஊதியம் 30 ரூபாய். வடசென்னையின் கடற்கரையில், மூட்டை சுமப்போர் ஆரவாரமும் கப்பல்களின் ஊதொலியும் இடையறாது கேட்கும் அவ்விடத்திலே, ஓய்வு நேரமெல்லாம் கணித ஆராய்ச்சியிற் கழிந்தது. அங்கே மேலாளராக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் வல்லவர். அவரும், கழகத் தலைவர் சர் பிரான்சிசு ஸ்பிரிங் என்பாரும் இராமானுசனுடைய அருமையை உணர்ந்து ஆதரித்தனர்.

1913 ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதப் புலவர் ஹார்டிக்கு இராமானுசன் தம் தேற்றங்கள் பலவற்றை எழுதி விடுத்தார். அவற்றைக் கண்டு வியந்த ஹார்டி அவரைத் தம்மிடம் வருமாறு அழைத்தார். கடல் கடத்தல் குல ஆசாரத்திற்கு மாறு என்று கருதப்பட்ட காலம் அது. இராமானுசன் தயங்கினார், அன்னையாரும் முதலில் இசையவில்லை. பின்னர் அன்னையாரின் இசைவு கிட்டியது. புலால் உண்ணுவதில்லை என்னும் உறுதியோடு இராமானுசன் புறப்படத் துணிந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டிற்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது. அதில் ஒரு பகுதி தம் பெற்றோருக்குச் சேருமாறு அவர் ஏற்பாடு செய்தார். குடுமியைக் களைந்து, மேனாட்டு உடை அணிந்து, 1914 ஆம் ஆண்டு மார்ச்சு 17 ஆம் நாள் ‘நெவாசா’ என்னும் கப்பலில் ஏறினார். தாம் பணிபுரிந்த அத்துறைமுகமே அவருக்கு வழியனுப்பும் வாயிலாயிற்று.

ஏப்பிரல் 14 ஆம் நாள் அவர் இலண்டன் சேர்ந்தார். நெவில் என்னும் பேராசிரியர் அவரை எதிர்கொண்டு, கேம்பிரிட்ஜில் தம் இல்லத்தில் சின்னாள் தங்கச் செய்தார். பின்னர் இராமானுசன் டிரினிட்டி கல்லூரி விடுதியில் தனித்து வாழத் தொடங்கினார். எல்லாம் அவருக்குப் புதியன. காலணி காலை வருத்தியது. குளிரோ உடலை வாட்டியது. விடுதி உணவு தம் நோன்புக்கு ஒவ்வாதென எண்ணித் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். ஆராய்ச்சியில் ஆழ்ந்துவிட்டால் உண்ணும் நேரமும் உறங்கும் நேரமும் அவர் நினைவிற்கு வருவதில்லை.

அந்நாளில் கேம்பிரிட்ஜில் பயின்ற வங்க இளைஞர் மகலனோபிசு, பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். ஒரு நாள் அவர் இராமானுசனைக் காணச் சென்றார். இரவிற் குளிர் தாக்காமல் உறங்க முடிகிறதா என வினவினார். மேற்சட்டையை அணிந்து, சால்வையைப் போர்த்தியே உறங்குவதாக இராமானுசன் கூறினார். மகலனோபிசு படுக்கையைச் சென்று நோக்கினார். கம்பளிகள் பல அங்கே இருந்தன! அவை மேல்விரிப்பின் கீழ், படுக்கையோடு சேர்த்து மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுத்தல் வேண்டும் என்பதை இராமானுசன் அறியார். அவருக்கு அதனைச் சொல்வாரும் இலர். எண்களின் மறைபொருளை எல்லாம் கண்டவர், கையருகே இருந்த கம்பளியைக் காணாது குளிரில் நடுங்கினார்.

அவ்வாண்டிலேயே முதல் உலகப் பெரும்போர் மூண்டது. மாணவரும் ஆசிரியரும் போர்க்களம் சென்றனர், கல்லூரி வெறிச்சோடியது. காய்கறியும் பாலும் கிடைத்தல் அரிதாயிற்று. தாயகத்திலிருந்து உணவுப் பொருள் வருவதும் தடைப்பட்டது. வீட்டுக் கடிதங்களும் மன அமைதி தருவனவாக இல்லை.

இத்துணை இடுக்கண்களுக்கு இடையிலும் அவருடைய அறிவு ஒளி வீசியது. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 100 என்னும் எண்ணையோ 19,05,69,292 வகையாகப் பிரிக்கலாம். இத்தகைய தொகையை ஒவ்வொன்றாக எண்ணிப் பாராமலே கணிக்கும் வழியை ஹார்டியும் இராமானுசனும் சேர்ந்து கண்டனர். தேர்வில் தோற்ற இராமானுசனுக்கு 1916 இல் கேம்பிரிட்ஜ் பட்டம் வழங்கியது. 1918 ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. அவ்வாண்டிலேயே டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

ஆனால், 1917 ஆம் ஆண்டு முதலே நோய் அவரைப் பற்றிக்கொண்டது. மருத்துவ மனைகள் பலவற்றில் அவர் தங்க நேர்ந்தது. அந்நோய் காசநோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஈரலைத் தாக்கும் ஒருவகைச் சீதபேதி நோயாக இருந்திருக்கலாம் என்று பிற்கால மருத்துவ அறிஞர் சிலர் கருதுவர். 1919 ஆம் ஆண்டு அவர் தாயகம் திரும்பினார். அதற்கு முன்னரே சென்னைப் பல்கலைக்கழகம் மீண்டும் ஆண்டிற்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. தம் செலவு போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர், பெற்றோரை இழந்த சிறுவர் ஆகியோரின் கல்விக்குச் செலவிடுமாறு நோயுற்ற நிலையிலும் அவர் எழுதியனுப்பினார். வறுமையால் கல்வி தடைப்படும் துன்பத்தை அறிந்த உள்ளமன்றோ அது! 1920 ஆம் ஆண்டு ஏப்பிரல் 26 ஆம் நாள், தம் முப்பத்திரண்டாம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் அவர் உயிர் நீத்தார். இறுதி நாள் வரையிலும் அவர் கணிதத்தைக் கைவிடவில்லை.

அவர் பணிபுரிந்த துறைமுகத்தின் வடபால் உள்ளது இராயபுரம். அங்கே 1993 ஆம் ஆண்டு கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசனின் முயற்சியால் இராமானுசன் பெயரில் அருங்காட்சியகம் ஒன்று நிறுவப்பட்டது. துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் வாழும் அப்பகுதியில் அது அமைந்தது மிகப் பொருத்தமேயாகும்.

மாணவர்களே! உங்களுள்ளும் சிலர் நாளை கடல் கடந்து கற்கச் செல்லக்கூடும். இராமானுசனுடைய ஊக்கத்தையும் உறுதியையும் துணைக் கொள்ளுங்கள். அதனோடு, உடல் நலத்தையும் கல்விப் பொருளெனப் போற்றுங்கள். அறியாததைப் பிறரிடம் கேட்டறிதல் இழிவன்று. நம்மிடம் வந்து தங்கும் அயலூர் மாணவர் கேளாமலே அவர் குறையைக் கேட்டறிந்து தீர்த்தல் நம் கடமையாகும். கம்பளியை விலக்கிக் காட்டிய நண்பரின் கை, கல்வி நிலையங்கள்தோறும் இருத்தல் வேண்டும்.