முறுக்கிய கம்பி தந்த மேதை

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்று வினவினால், ஆரம்பப் பள்ளி மாணவனும் அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்று தயங்காமல் விடை கூறுவான். ஆனால், இரண்டு மெல்லிய செம்புக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கித் தொலைபேசிக்குப் பயன்படுத்திய பெருமையும் அவரையே சாரும் என்பதை நம்மில் பலர் அறியோம். இன்று பல அரங்குகளில் கணிப்பொறியின் படத்தைத் தொலைவிலுள்ள திரைக்குச் சுமந்து செல்வது அந்த முறுக்குத்தான். இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அப்பெருமகனாரின் வாழ்வை இந்தக் கோணத்தில் நின்று கூற விழைகின்றேன்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1847ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் பெல் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் பேச்சுக்கலை ஆசிரியர்கள். நாவும் உதடும் ஒலிகளை எவ்வாறு பிறப்பிக்கின்றன என்பதைக் குறியீடுகளால் எழுதிக் காட்டும் முறையை வகுத்தவர் தந்தை. தாயார் எலிசாவோ செவிப்புலன் குன்றியவர். அவருடைய நெற்றியருகே வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசினால் அதிர்வைக் கொண்டு அவர் உணர்ந்துகொள்வதைச் சிறுவன் கண்டான். விரல்களால் எழுத்துக்களைக் காட்டிப் பேசவும் கற்றான். ஒலி என்பது அதிர்வே என்னும் பாடத்தை அவனுக்கு முதலில் கற்பித்தவர் அன்னையே எனலாம்.

1867இல் தம்பியையும் 1870இல் அண்ணனையும் காசநோய் கொண்டுபோயிற்று. எஞ்சிய மகனையாவது காப்பாற்ற எண்ணிய பெற்றோர் 1870இல் கனடாவில் பிரான்ட்ஃபோர்டு என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். அடுத்த ஆண்டே பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காது கேளாதோருக்குக் கற்பிக்கும் பணியை ஏற்றார். அவரிடம் பயின்ற மேபல் ஹப்பர்டு, ஐந்து வயதில் கடுங்காய்ச்சலால் செவிப்புலனை இழந்தவர். 1877இல் அவரையே பெல் மணந்தார். தாயும் கேளாதவர், தாரமும் கேளாதவர்; அந்த மனிதர்தாம் உலகின் காதுக்குள் குரலைக் கொண்டுவந்து சேர்த்தார்!

தொலைபேசிக்கான காப்புரிமை 1876 மார்ச் 7ஆம் நாள் கிடைத்தது. அதன் எண் 174465. மூன்று நாட்களில், பக்கத்து அறையிலிருந்த உதவியாளர் வாட்சன் கம்பி வழியே அவருடைய பேச்சைத் தெளிவாகக் கேட்டார். எலிஷா கிரே என்பாரும் அதே துறையில் உழைத்தவர். இருவருடைய ஆவணங்களும் ஒரே நாளில் அலுவலகம் சென்றன. பல ஆண்டுகள் வழக்குகள் நடந்தன. இறுதியில் நீதிமன்றங்கள் பெல்லின் உரிமையையே நிலைநிறுத்தின.

வெற்றிக்குப் பின்னர்தான் புதிய தொல்லை முளைத்தது. அந்நாளில் தொலைபேசிக்கு ஒற்றைக் கம்பியே போடப்பட்டது; மின்னோட்டம் திரும்பி வரும் வழி பூமி. பக்கத்தில் தந்திக் கம்பிகள் ஓடினால், அவற்றின் துடிப்பெல்லாம் தூண்டல் விளைவால் தொலைபேசிக் கம்பியிலும் ஏறிவிடும். பேச்சு எது, இரைச்சல் எது என்று பிரிக்க இயலாது.

பெல் கண்ட தீர்வு வியக்கத்தக்க எளிமை உடையது. பூமியை விட்டுவிட்டு, திரும்பும் வழிக்கும் ஒரு கம்பியைப் போடுக. இரண்டையும் கயிறுபோல் முறுக்குக. அப்போது வெளித் தொல்லைக்கு ஒருமுறை முதற்கம்பி அருகில் இருக்கும், மறுமுறை இரண்டாவது கம்பி அருகில் இருக்கும். ஆகவே இரண்டிலும் ஏறும் இரைச்சல் ஏறக்குறைய சமமாகி, முனையிலுள்ள கருவியில் ஒன்றையொன்று அழித்துவிடும். இதற்கு 1881ஆம் ஆண்டு 244426 என்னும் எண்ணில் காப்புரிமை பெற்றார்.

இனி நம் காலத்துக்கு வருவோம். கணிப்பொறியின் படச் சமிக்ஞையைச் சாதாரண வீடியோ கேபிளில் நெடுந்தூரம் அனுப்பினால் படம் மங்கும். சில வேளை வாராமலே போகும். அதனால் இரண்டு சிறு பெட்டிகளை இணைக்கிறார்கள். அனுப்பும் பெட்டி சமிக்ஞையை ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரு வடிவங்களாக்கி, முறுக்கிய இணையின் இரு கம்பிகளிலும் செலுத்தும். வாங்கும் பெட்டி அவ்விரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரு கம்பிகளிலும் சமமாக ஏறிய இரைச்சலுக்கு வேறுபாடு சுழியம் அன்றோ! பழைய முறையில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் மூன்று இணைகளில் சென்றன. இணைக்கு இணை முறுக்கின் நெருக்கம் மாறுவதால் கம்பிகளின் நீளமும் சிறிது மாறும். ஒரு வண்ணம் பிந்தி வந்து எழுத்தின் ஓரத்தில் நிழல் விழும். அதைச் சரிசெய்யவும் வாங்கும் பெட்டியில் வழி வைத்தார்கள். இன்றைய இலக்க முறைக் கருவிகளில் சில, ஒரே கேபிளில் 100 மீட்டர்வரை தெளிந்த படத்தை அனுப்புகின்றன.

கேபிளின் முனையில் பிளக்கைப் பொருத்துவோர் ஒன்றை மறக்கலாகாது. எட்டுக் கம்பிகளையும் தொடர்ச்சி தவறாமல் இணைத்தால் மட்டும் போதாது. சேர்ந்து முறுக்கிய இரண்டும் ஒரே இணையாகவே செல்லவேண்டும். ஒரு கம்பியை இந்த இணையிலிருந்தும் மற்றொன்றை அந்த இணையிலிருந்தும் எடுத்துச் சேர்த்தால், சோதனை விளக்கு எரியலாம், படம் கெடும். முறுக்கையும் தேவைக்குமேல் பிரிக்கக் கூடாது. பெல்லின் தத்துவம் அந்தக் கடைசி விரற்கடையிலும் இருக்கிறது.

பெரியோரைப் போற்றும்போது அவர்தம் குறையை மறைப்பது முறையன்று. காது கேளாதோர் உதடு பார்த்து உணரவும் வாயால் பேசவும் கற்றாக வேண்டும் என்பது பெல்லின் உறுதியான கொள்கை. பள்ளிகளில் சைகை மொழி வழங்குவதை அவர் எதிர்த்தார். காது கேளாதோர் தம்முள் மணம் புரிவதையும் விரும்பாமல் 1883இல் ஆய்வுரை அளித்தார். தம் அன்னையோடு விரல்களால் பேசிய அதே மனிதர்! அவருடைய செல்வாக்கால் பல குழந்தைகளின் கைகள் வகுப்பறையில் அடங்கிப்போயின. காது கேளாதோர் பலர் இன்றும் அந்த வருத்தத்தை மறக்கவில்லை.

இதை நான் நூலில் மட்டும் அறிந்தவன் அல்லன். என் அக்கா பிறவியிலேயே காது கேளாதவர். வெளியூரில் தையல் தொழில் செய்கிறார். தொலைபேசியால் அவருக்குப் பயனில்லை என்றே நெடுங்காலம் எங்கள் வீட்டார் எண்ணினோம். இப்போது ஞாயிறுதோறும் கணிப்பொறித் திரையில் தோன்றி இரு கைகளாலும் அம்மாவிடம் கதை கதையாகச் சொல்கிறார். அம்மாவும் கைகளாலேயே அவரைக் கடிந்துகொள்கிறார். அந்தப் படம் எங்கள் கணிப்பொறிக்கு வந்து சேர்வது முறுக்கிய இணைக்கம்பி வழியாகத்தான்.

1922 ஆகஸ்டு 2ஆம் நாள் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பெல் மறைந்தார். அடக்கத்தின்போது வட அமெரிக்காவின் தொலைபேசிகள் யாவும் ஒரு நிமிடம் மௌனம் காத்தன. அவர் விலக்க நினைத்த சைகை மொழியை அவருடைய கம்பியே இன்று ஊர்விட்டு ஊர் சுமக்கிறது. அறிஞரின் கொள்கை தவறலாம். அவர் தந்த கருவி யாருக்குப் பயன்படவேண்டும் என்பதைப் பயன்படுத்துவோர் முடிவு செய்கிறார்கள். அந்தக் கம்பிக்காக அவருக்கு என் வணக்கம். அக்காவின் கைகளுக்கும் என் வணக்கம்.