பந்தும் மருந்தும்

நெருளில் விளையாட்டரங்கும் மருத்துவக் கல்லூரியும் ஒன்றுக்கொன்று அண்மையில் நிற்கின்றன. அவ்வழியே செல்லும்போதெல்லாம், அவ்விரண்டையும் தம் வாழ்வில் இணைத்த தலிமெரன் ஆவோவை நினைத்துக்கொள்வேன்.

நாகர் மலையிலுள்ள சாங்கியில் 1918இல் பிறந்தவர் அவர். மகனை மருத்துவராகக் காண விரும்பிய தந்தை 1935இல் டைபாய்டு காய்ச்சலுக்குப் பலியானார். அவ்விருப்பத்தைத் தலைமேற்கொண்ட மகன், கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படித்துக்கொண்டே மோகன் பகான் அணியின் நடுக்களத்தைக் காத்தார்.

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் விடுதலை பெற்ற இந்தியாவின் கொடியை ஏந்தியவரும், கால்பந்து அணியின் தலைவரும் அவரே. நம்மவருட் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினர். சாரங்கபாணி இராமன் ஒரு கோல் போட்டார். ஆயினும் இரண்டு பெனால்டிகள் வீணாயின. பிரான்சு 2–1 என வென்றது.

புகழ் வந்தும் அவர் படிப்பைக் கைவிடவில்லை. 1950இல் பட்டம் பெற்றார். பெருநகரிலே தங்கிவிடாமல் மலைக்குத் திரும்பினார். நாகாலாந்தின் நலத்துறை இயக்குநராய்த் தொண்டாற்றி 1978இல் ஓய்வு பெற்றார், 1998இல் மறைந்தார்.

தோழர்களே, ஊர் விட்டு வந்து படிக்கும் நாம் பட்டத்தோடு எங்கே போகப்போகிறோம்? ஆய்வுக்கூடத்திலிருந்து அறைக்குத் திரும்பும் இரவுகளில் அவர் வாழ்வு என்னைக் கேட்பது இதுவே. எனக்கு இன்னும் விடை கிட்டவில்லை.