இருண்ட இல்லமும் ஒரு கவிஞரும்

பாரசீகக் கவிதை என்றதும் ஸஅதி, ஹாபிஸ், ரூமி முதலிய முன்னோர்களின் பெயர்களே நம் நினைவில் எழுகின்றன. அம்மரபின் இருபதாம் நூற்றாண்டுக் கிளையில் மலர்ந்தவர் ஃபுரூக் ஃபர்ருக்ஸாத். ‘ஃபுரூக்’ என்பதற்கு ஒளி என்று பொருள்.

1934ஆம் ஆண்டு டெஹ்ரானில் ஒரு படை அதிகாரியின் மகளாகப் பிறந்த இவர், பதினாறு வயதில் மணம் புரிந்தார். சில ஆண்டுகளிலேயே மணமுறிவு நேர்ந்தது. அக்காலச் சட்டத்தின்படி ஒரே மகன் தந்தையின் குடும்பத்தாரிடம் சென்றான். 1955இல் வெளியான முதல் தொகுதியாகிய ‘கைதி’யில் தம் உள்ளத்தை மறைக்காது பாடினார். போற்றியோர் சிலர், தூற்றியோர் பலர். அவ்வழக்கினுள் நாம் இங்கு புக வேண்டுவதில்லை. மகனைப் பிரிந்த அத்தாயின் துயரம் மட்டும் நினைவிற் கொள்ளத்தக்கது.

1958இல் எழுத்தாளரும் இயக்குநருமான இப்ராஹீம் குலிஸ்தானின் படப்பிடிப்பு நிலையத்தில் பணியில் சேர்ந்தார். அங்கே படத்தொகுப்பைக் கற்றார். எண்ணெய்க் கிணற்றுத் தீயைப் பற்றிய ‘ஒரு நெருப்பு’ என்னும் ஆவணப்படத்தைத் தொகுத்தவர் இவரே. சொல்லை வெட்டியும் ஒட்டியும் பழகிய கைக்குப் படச்சுருள் அந்நியமாக இருந்திராது.

தொழுநோயாளருக்கு உதவும் சங்கம் ஒன்றின் பொருட்டு, 1962இன் இலையுதிர் காலத்தில் தப்ரீஸ் நகரின் அருகிலுள்ள பாபாபாகி தொழுநோயாளர் குடியிருப்புக்குச் சென்றார். பன்னிரண்டே நாட்களில் படப்பிடிப்பு முடிந்தது. ‘இல்லம் இருண்டது’ என்னும் அக்குறும்படம் ஏறத்தாழ இருபது நிமிடமே ஓடும்.

படத்தில் இரு குரல்கள் கேட்கின்றன. குலிஸ்தானின் ஆண்குரல் மருத்துவ உண்மைகளை உரைக்கிறது. இந்நோய் தீர்க்கக்கூடியது என்றும் வறுமையே அதனை வளர்க்கிறது என்றும் எடுத்துச் சொல்கிறது. ஃபுரூக்கின் குரலோ பழைய ஏற்பாட்டின் புலம்பல்களையும் திருமறை வசனங்களையும் தம் கவிதை வரிகளையும் ஒரே துஆவாகப் பிணைக்கிறது. அறிவியலின் குரலும் வேண்டுதலின் குரலும் மாறிமாறி ஒலிப்பது, இரு பாத்திரங்கள் எதிரெதிர் நின்று உரையாடும் நாடக மேடையை ஒத்திருக்கிறது. ஒருவர் சுவரோரமாக நடந்து சென்று திரும்புகிறார், மீண்டும் நடக்கிறார். ஃபுரூக் கிழமைகளின் பெயர்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறார். ஆண்டுக் கணக்கில் அடைபட்டுக் கிடப்பதன் பாரத்தை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது.

அவர் நோயாளரின் முகங்களைத் திரையிட்டு மறைக்கவில்லை, காட்சிப்பொருளாக்கவும் இல்லை. சிதைந்த முகமுடைய பெண் கண்ணுக்கு மையிடுகிறாள். பள்ளிவாசலில் தொழுகை நடக்கிறது. சிறுவர்கள் பந்து விளையாடுகின்றனர். இறுதியில் வகுப்பறை. இல்லம் என்ற சொல்லை அமைத்து வாக்கியம் எழுதுமாறு ஆசிரியர் பணிக்க, மாணவர் கரும்பலகையில் எழுதும் வாக்கியமே படத்தின் பெயராகிறது. இப்படத்தை அன்றைய ஈரானின் உருவகம் என்று சில திறனாய்வாளர் விளக்குவர். அவ்வாறு கொள்ளவும் இடமுண்டு. எனினும் அம்மனிதர்களை வெறும் உருவகமாக்கிவிட்டால் அவர்களை மறுமுறை ஒதுக்கியவர்களாவோம் என்பதே எம் கருத்து.

ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் விழாவில் இப்படம் பரிசு பெற்றது. 1963இல் பிராண்டெல்லோவின் ‘ஆசிரியரைத் தேடும் ஆறு பாத்திரங்கள்’ நாடகத்தில் அவர் நடித்தார். 1964இல் ‘மறுபிறப்பு’ என்னும் தொகுதி வெளிவந்தது. 1967 பிப்ரவரி 13 அன்று கார் விபத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

குடியிருப்பில் படமெடுத்த நாட்களில், தொழுநோயுற்ற பெற்றோரின் மகனான ஒரு சிறுவன் அவரோடு ஒட்டிக்கொண்டான். பெற்றோரின் இசைவோடு அவனை டெஹ்ரானுக்கு அழைத்துவந்து மகனாக ஏற்றார். வளர்ந்தபின் ஜெர்மனியில் குடியேறிய அவர், தம்மை ஏற்ற தாயின் கவிதைகளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.